54 லட்சம் "கனடியர்கள்" ஐந்தே வருடத்தில் எங்கே போனார்கள்?

கேள்வி கேட்டவர் இரண்டு எண்களைக் கொடுத்திருக்கிறார். கனடாவின் 2016 சென்சஸில் தங்கள் இனப் பூர்வீகம் "கனடியன்" என்று சொன்னவர்கள் 1 கோடியே 11 லட்சம் பேர். 2021இல் அதே கனடா புள்ளிவிவரத் துறை எடுத்த கணக்கில் 57 லட்சம் பேர். போரும் இல்லை, பஞ்சமும் இல்லை, பாதிப் பேரைக் காணோம். அப்படியானால் "கனடாவில் தமிழர்கள் இத்தனை பேர்" என்று வரும் எண்ணை மட்டும் எந்தத் தைரியத்தில் நம்புவது, பேசாமல் மரபணுச் சோதனையை வைத்தே கணக்கெடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறார். பார்க்க மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒருவருடைய பூர்வீகம் என்பது உயரம், எடை மாதிரி அளந்து எழுதிவிடக்கூடிய விஷயமா? இல்லை. அதற்காக அந்த எண்கள் எல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நான் பல வருடங்களாகக் கேள்வித்தாள் வடிவமைப்பதிலும் இந்த மாதிரி அட்டவணைகளைப் பிரித்துப் பார்ப்பதிலும் வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 54 லட்சம். அவர்கள் யாரும் எங்கும் போகவில்லை, கேள்வித்தாள்தான் மாறியது. கேள்வி என்னவோ அதேதான்: இந்த நபரின் மூதாதையரின் இன அல்லது பண்பாட்டுப் பூர்வீகம் எது? ஆனால் 2016இல் கேள்விக்குக் கீழேயே உதாரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன, அதில் முதல் பெயர் "கனடியன்". 2021இல் அந்த வரிசையை எடுத்துவிட்டு, 500க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ள ஒரு இணையப் பட்டியலுக்குச் சுட்டி மட்டும் கொடுத்தார்கள். படிவம் நிரப்புகிற ஆளை நினைத்துப் பாருங்கள். ஐந்து தலைமுறையாக ஒன்டாரியோவில் இருக்கிற குடும்பம், கொள்ளுத்தாத்தா எந்த ஊர் என்று சரியாகத் தெரியாது, முன்னால் முதல் உதாரணமாகக் "கனடியன்" இருந்தால் அதை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அந்த வார்த்தை கண்ணில் படாவிட்டால் வேறு எதையாவது யோசித்து எழுதுவார். முன்பு இரண்டு லட்சத்துக்கும் குறைவாக இருந்த "கியூபெக்குவா" (கியூபெக் மாகாணத்தவர்) பூர்வீகம் 2021இல் ஏறக்குறைய 10 லட்சமாக உயர்ந்தது இப்படித்தான். ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எண்ணிக்கையும்கூட அந்த ஐந்து வருடத்தில் குறைந்தது, ஆகவே கனடியன் என்று எழுதியவர்கள் எல்லாரும் நேராகப் பழைய ஐரோப்பியப் பெயர்களுக்குத் திரும்பிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது.

இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்வோம். உதாரணங்களை எடுத்ததுதான் இந்தச் சரிவுக்குப் பிரதானக் காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, புள்ளிவிவரத் துறையே இரண்டு வருட எண்களை ஒப்பிடும்போது எச்சரிக்கையாக இருக்கச் சொல்லியிருக்கிறது. ஆனால் 2016இல் கனடியன் என்று எழுதிய ஒருவர் 2021இல் என்ன எழுதினார் என்பதை வெளியே கிடைக்கும் அட்டவணைகளை வைத்துத் தொடர முடியாது. கியூபெக்குவா பக்கம் போனார்கள், வெள்ளையர் என்று எழுதினார்கள், ஐரோப்பியர் என்று எழுதினார்கள் என்பதெல்லாம் மொத்த எண்களின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து நாம் செய்யும் ஊகம். நியாயமான ஊகம்தான்.

இதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி அது. கனடா 1871இலிருந்தே பூர்வீகத்தைக் கேட்டு வருகிறது. 1971 வரை தந்தை வழி மட்டும்தான் கணக்கு, ஒரே ஒரு பதில். அம்மா உக்ரேனியர், அப்பா ஸ்காட்லாந்துக்காரர் என்றால் பிள்ளை ஸ்காட்லாந்துக் கணக்கில் போய்விடும், அம்மாவின் வம்சம் சென்சஸிலிருந்து அப்படியே காணாமல் போகும். 1981இல்தான் தந்தை வழி நிபந்தனையை எடுத்துவிட்டு ஒன்றுக்கு மேற்பட்ட பதிலை ஏற்றுக்கொண்டார்கள். 1991இல் "எங்களைக் கனடியர் என்றே எண்ணுங்கள்" என்று பத்திரிகைப் பிரச்சாரமெல்லாம் நடந்தும், அப்படி எழுதியவர்கள் 100க்கு 4 பேர் அளவில்தான். ஆனால் அது அதிகம் வந்த பதில்களில் ஒன்றாகிவிட்டது. முந்தைய சென்சஸில் அதிகம் வந்த பதில்களையே அடுத்த தடவை உதாரணமாகப் போடுவது வழக்கம், அதனால் 1996 படிவத்தில் ஐந்தாவது உதாரணமாகக் "கனடியன்" ஏறியது. அந்த வருடம் 31 சதவீதம். அவ்வளவு பேர் எழுதிவிட்டதால் 2001இல் முதல் இடத்துக்கு வந்தது, 39 சதவீதம். போன தடவைப் பதில் இந்தத் தடவை உதாரணமாகிறது, இந்தத் தடவை உதாரணம் அடுத்த தடவைப் பதிலாகிறது. பத்து வருடத்தில் ஒரு நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் புதிய இனமாக மாறிவிட்டார்கள் என்று யாராவது ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தால் அதற்குக் காரணம் அச்சுக்கூடத்தில் மாற்றிய ஒரே ஒரு வரி.

கனடாவுக்கு மட்டும் வந்த வியாதி இது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 1980 சென்சஸில் ஆங்கிலேய வம்சம் என்றவர்கள் ஏறக்குறைய 5 கோடி, பத்து வருடம் கழித்து 3 கோடியே 27 லட்சம். அங்கேயும் உதாரண வரிசையைத்தான் மாற்றியிருந்தார்கள்.

இரண்டு சம்பவங்களை மட்டும் இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "கனடியன்" என்பது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம், இவை அப்படியல்ல. யூதப் பூர்வீகம் 2011இல் சுமார் 3 லட்சத்து 10 ஆயிரம், 2016இல் 1 லட்சத்து 44 ஆயிரம், 2021இல் மறுபடி 2 லட்சத்து 82 ஆயிரம். 2016இல் உதாரண வரிசையிலிருந்து அந்தப் பெயர் விழுந்துவிட்டது, அவ்வளவுதான் நடந்தது. கனடாவில் மதத்தைப் பற்றிய கேள்வி பத்து வருடத்துக்கு ஒரு முறைதான், 2001, 2011, 2021 என்று. அதனால் 2016இல் ஒத்துப்பார்க்க வேறு எண்ணும் கையில் இல்லை. முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கும் திட்டம் போடுகிற ஒரு சமூகத்துக்குத் திடீரென்று பாதிப் பேர் இல்லை என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அடுத்தது இந்தியர்கள். 2016இல் "கிழக்கிந்தியர்" என்று பதிவானவர்கள் 13 லட்சத்து 75 ஆயிரம். 2021இல் "இந்தியர்" 13 லட்சத்து 48 ஆயிரம். குறைந்திருக்கிறது! இந்தியாவிலிருந்து மாணவர்களும் வேலைக்காரர்களும் விமானம் விமானமாக வந்து இறங்கிய அதே ஐந்து வருடத்தில். இதே சென்சஸில் வேறொரு கேள்வி இருக்கிறது, அதில் தெற்காசியர், சீனர், கறுப்பினத்தவர் என்று கட்டங்கள் இருக்கும், குறி போட்டால் போதும். அந்தக் கேள்வியில் தெற்காசியர் எண்ணிக்கை 19 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட 26 லட்சமாக ஏறியிருக்கிறது. ஒரே படிவம், ஒரே வீடு, ஒரே பேனா, ஒரு கேள்வியில் கூடுகிறது, இன்னொன்றில் குறைகிறது. காரணம், இணையப் பட்டியலில் பஞ்சாபி, குஜராத்தி, தமிழ் எல்லாம் தனித்தனியாக இருந்ததால் நிறையப் பேர் நாட்டை விட்டுவிட்டு அந்தப் பெயரை எழுதினார்கள். பஞ்சாபி என்று எழுதியவர்கள் மட்டுமே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல், 2016இல் அது ஒன்றே கால் லட்சத்தைத் தொடவில்லை. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு ஆளிடம் நாலைந்து பெயர்கள் இருக்கின்றன, எந்தப் பெயரை வெளியே எடுப்பார் என்பதைக் கேட்கிற விதம் தீர்மானிக்கிறது.

குறி போடும் கேள்வியின் எண்கள் கொஞ்சம் நிலையாக இருக்கும், நான் பொதுவாக அதைத்தான் முதலில் பார்ப்பேன். ஆனால் அதிலும் ஓட்டை உண்டு. தென் அமெரிக்காவின் கயானாவிலிருந்து வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களில் இருக்கிறார்கள், இன்றும் மாரியம்மன் பூசை செய்கிறார்கள், ஊரில் அவர்களுக்கு "மதராசி" என்றே பெயர். டொரொண்டோவில் அப்படி ஒருவர் தெற்காசியர் கட்டத்தில் குறி போட்டால் தெற்காசியர். "மற்றவை" என்ற இடத்தில் கயானியர் என்று எழுதினால் எந்தக் குழுவிலும் சேராத சிறுபான்மையினர் என்ற தனிக் கூடையில் விழுவார். தோலும் அதே, தாத்தாவும் அதே, அவருடைய தம்பி வேறு கூடையில் இருக்கலாம்.

சரி, தமிழர் எண்ணிக்கைக்கு வருவோம். 2016இல் தாய்மொழி தமிழ் என்றவர்கள் 1 லட்சத்து 40 ஆயிரத்துக்குச் சற்று மேல். பூர்வீகம் இலங்கை என்றவர்கள் 1 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல். பூர்வீகம் "தமிழ்" என்று எழுதியவர்களோ தாய்மொழிக் கணக்கில் பாதிகூட இல்லை. இவற்றைக் கூட்டி ஒரு மொத்தம் எடுக்கக் கூடாது, ஒருவரே தமிழ் என்றும் இலங்கை என்றும் இரண்டையும் எழுதலாம், எழுதுகிறார்கள். இலங்கைக் கணக்கில் சிங்களவர்களும் இருக்கிறார்கள், தமிழ் பேசினாலும் தன்னைத் தமிழர் என்று சொல்லிக்கொள்ளாத முஸ்லிம்களும் இருக்கிறார்கள். தாய்மொழிக் கணக்கில் தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். மறுபக்கம், ஸ்கார்பரோவில் பிறந்து, ஆங்கிலத்திலேயே வளர்ந்து, தைப்பொங்கலுக்கு மட்டும் வேட்டி கட்டுகிற பையனைத் தாய்மொழிக் கேள்வி தவறவிட்டுவிடும், பூர்வீகக் கேள்வி பிடித்துவிடும். அதுவும் படிவத்தை யார் நிரப்புகிறார் என்பதைப் பொறுத்தது. வீட்டுக்கு ஒரு படிவம், பெரும்பாலும் ஒருவரே எல்லாருக்கும் நிரப்புவார். அப்பா நிரப்பினால் மூன்று பிள்ளைகளும் தமிழ். அதே பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்த் தனி வீடு எடுத்து அவர்களே நிரப்பும்போது என்ன வரும் என்பது அவரவர் மனசு. இதை எந்தத் துறையாலும் சரிசெய்ய முடியாது, சரிசெய்ய வேண்டிய பிழை என்றும் நான் நினைக்கவில்லை.

மேடைகளில் அடிபடுகிற "3 லட்சம் தமிழர்" என்ற எண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2021இல் தமிழில் உரையாடத் தெரியும் என்றவர்கள் சுமார் 2 லட்சத்து 38 ஆயிரம். தமிழ் தெரியாத பிள்ளைகளைச் சேர்த்தால் எண் மேலே போகும் என்பது நிச்சயம், எவ்வளவு மேலே என்பது நிச்சயமில்லை. ஆகவே 3 லட்சம் என்பது அபத்தமான எண் அல்ல, ஆனால் அந்தச் சென்சஸின் எந்த அட்டவணையிலும் அது கிடையாது. அதை மேற்கோள் காட்டுபவர்களிடம் எந்த அட்டவணை என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும்.

அப்படியானால் உறுதியாக அளக்கக்கூடியது எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. பிறந்த நாடு, பெற்றோர் பிறந்த நாடு, வீட்டில் பேசும் மொழி, குடியுரிமை. இவற்றுக்கெல்லாம் சரியான பதில் என்று ஒன்று உண்டு, கேட்கும் விதத்தை மாற்றினாலும் பெரிதாக ஆடாது. ஜெர்மனி 2005இலிருந்து "குடியேற்றப் பின்னணி" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது, அது முழுக்கக் குடியுரிமையையும் பிறப்பையும் வைத்துத்தான். பிரான்ஸ் சென்சஸில் இனத்தைக் கேட்பதே இல்லை, பெற்றோர் பிறந்த நாட்டைக்கூட 2025க்கு முன்புவரை தனி ஆய்வுகளில்தான் கேட்டார்கள். ஆனால் இந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு. மூன்றாம் தலைமுறைக்கு வந்தால் தானும் இங்கே பிறந்தவர், பெற்றோரும் இங்கே பிறந்தவர்கள், கணக்கில் அவர் மறைந்துவிடுவார், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் அவருடைய பெயர் மறையாது. சட்ட வரையறையின் விசித்திரங்களும் உண்டு. பிரான்ஸில் "குடியேறியவர்" என்றால் வெளிநாட்டில், வெளிநாட்டுக் குடிமகனாகப் பிறந்தவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்து பாரிஸில் வாழும் தமிழர் இந்த வரையறைப்படி குடியேறியவரே அல்ல. அவருக்குப் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் குடியேறியவர். இருவரும் லா ஷப்பேலில் ஒரே கடையில்தான் முருங்கைக்காய் வாங்குகிறார்கள்.

பூர்வீகத்தை எதற்காகத்தான் கேட்க வேண்டும் என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். கனடாவில் குறி போடும் கேள்விக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, 1986இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம். வேலையிடங்களில் யார் ஒதுக்கப்படுகிறார்கள் என்று கண்காணிக்க வேண்டுமானால் யார் யார் எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். அந்தச் சட்டம் "கண்ணுக்குத் தெரியும் சிறுபான்மையினர்" என்பவர்களைப் "பழங்குடியினர் அல்லாத, வெள்ளையர் அல்லாத" என்று எதிர்மறையாக வரையறுக்கிற விதத்தை ஐநாவின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2007இல் விமர்சித்தது, எனக்கும் அந்த வார்த்தைகள் பிடிக்காது, ஆனால் எண்ணாமல் விட்டால் பாகுபாடு நின்றுவிடும் என்ற வாதம் அதைவிட மோசம். எதிர்த் தரப்புக்கும் கனமான நியாயம் உண்டு. நெதர்லாந்தின் துல்லியமான மக்கள் பதிவேடுகள் நாஜிகளின் கையில் என்னவாயின என்பது ஐரோப்பாவில் யாருக்கும் மறக்கவில்லை. அமெரிக்காவில் 1940 சென்சஸ் தரவுகள் ஜப்பானிய வம்சத்தவரை முகாம்களுக்கு அனுப்பும் வேலைக்குப் பயன்பட்டன. ஆகவே யாராவது உங்கள் இனத்தைக் கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இன்னொரு விஷயமும் உறுதியாகச் சொல்லலாம்: ஆட்கள் பதிலை மாற்றிக்கொள்கிறார்கள், கேள்வித்தாள் மாறாவிட்டாலும்கூட. கனடாவில் மெட்டீ மக்கள், அதாவது பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வம்சத்தில் வந்த பழங்குடிச் சமூகம், 1996இல் 2 லட்சத்து 4 ஆயிரம், 2006இல் 3 லட்சத்து 90 ஆயிரம். பத்து வருடத்தில் 91 சதவீதம் ஏற எந்தச் சமூகத்தின் பிறப்பு விகிதத்தாலும் முடியாது. முன்பு வெட்கப்பட்டோ பயந்தோ சொல்லாதவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள், பாட்டியின் கதையைப் புதிதாகத் தெரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள், சலுகை கிடைக்கும் என்று சேர்ந்தவர்களும் இருக்கலாம். இதில் யார் எந்த விகிதத்தில் என்பதற்கு எண்கள் பதில் சொல்லாது, அதைப் பற்றி அடித்துப் பேசுகிறவர்கள் தங்கள் அரசியலைப் பேசுகிறார்கள்.

மரபணுச் சோதனை இதைத் தீர்க்காது. எச்சில் மாதிரியை வாங்கும் நிறுவனங்கள் அதை இன்று உயிரோடு இருக்கிற சில குழுக்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டு விகிதம் சொல்கின்றன. அந்த ஒப்பீட்டுத் தொகுப்பைப் புதுப்பித்தால், போன வருடம் 12 சதவீதமாக இருந்தது இந்த வருடம் 5 ஆகும், உங்கள் எச்சில் மாறாமலே. ஒப்பீட்டுத் தொகுப்புக்குப் பெயர் வைத்தவரும் ஒரு மனிதர்தான், ஆகவே உதாரண வரிசைப் பிரச்சினை ஆய்வுக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. நெருங்கிய உறவைக் கண்டுபிடிக்கவும் சில நோய்களுக்கும் அந்தச் சோதனை உதவும். "தமிழர்" என்பதற்கு மரபணு கிடையாது.

நடைமுறையில் நான் செய்வது இதுதான். மார்க்கம் நகரில் தமிழ் பேசும் முதியோருக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று திட்டம் போட்டால் வீட்டு மொழிக் கணக்கை எடுப்பேன், பூர்வீகத்தைத் தொடவே மாட்டேன். வேலைப் பாகுபாட்டைப் பார்க்கக் குறி போடும் கேள்வி. சமூகம் தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொள்கிறது என்று பார்க்கத்தான் பூர்வீகக் கேள்வி, அதுவும் ஒரே சென்சஸுக்குள், இடத்துக்கு இடம் ஒப்பிட்டு. வருடத்துக்கு வருடம் ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் இரண்டு வருடக் கேள்வித்தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வேன், கனடா புள்ளிவிவரத் துறையின் தளத்தில் பழையவை எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. அந்தக் கேள்வி குறும்படிவத்தில் கிடையாது, நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுக்குப் போகிற நீண்ட படிவத்தில்தான் இருக்கும், தேடும்போது அதைத் திறங்கள். 2011ஐ மட்டும் தனியாக வைத்துவிடுங்கள். அந்த வருடம் நீண்ட படிவத்துக்குப் பதிலாக நிரப்பினால் நிரப்பலாம் என்று ஒரு ஆய்வை நடத்தி, எடை சேர்க்காத கணக்கில் 68.6 சதவீதம் பதில்தான் வாங்கினார்கள், சின்னச் சமூகங்களைப் பற்றி அந்த எண்களை மட்டும் வைத்து நான் எதுவும் சொல்வதில்லை.